பாலம்மாவுக்கு இரண்டு நினைவு நாள்

அன்றைக்குக் காலையில் கடையைத் திறந்து ஸ்பீக்கர் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மந்தைவெளியில் என் மைக் செட் கடை எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு ஆள் நிற்கலாம். இரண்டு ஆள் என்றால் ஒருவர் ஒருக்களித்துக்கொள்ள வேண்டும். வெளியே ஆனி மாத வெயில். எதிர் டீக்கடையில் முதல் ஈடு வடை எண்ணெயில் பொரிகிற சத்தம்.

போன் அடித்தது. அபிராமபுரம் பத்மா அம்மா.

"ஏழுமலை, சௌக்கியமா? அத்தையோட நினைவு நாள் புதன்கிழமை வர்றது. சாயந்திரம் அஞ்சு மணி, அதே ஹால். ஞாபகம் இருக்கோல்லியோ?"

"இருக்கும்மா. வந்துடறேன்."

வைத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. மறுபடியும் போன். பெரும்பாக்கத்திலிருந்து கஸ்தூரி.

"அண்ணா, இன்னா பண்ணிக்கினு கீற? பாலம்மா நாளு வருது இல்ல, பொதங்கெழம. சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு செட்ட எடுத்துக்கினு வந்துடு."

"வந்துடறேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாய்ப் பழக்கம். மைக் செட் வைத்திருப்பவன் வாயில் 'வந்துடறேன்' தவிர வேறு வார்த்தை முதலில் வராது.

துணியை உதறிப் போடும்போதுதான் உறைத்தது. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஆங்கிலத் தேதி கஸ்தூரி வருஷா வருஷம் நடத்துகிற தேதி. கீழே பொடி எழுத்தில் வளர்பிறை சப்தமி. அது பத்மா அம்மா சொல்கிற திதி. இரண்டும் ஒரே தாளில், ஒரே புதன்கிழமையில் இருந்தன.

பத்மா அம்மாவின் அத்தையும் கஸ்தூரியின் பாலம்மாவும் ஒரே ஆள்தான். இது தெரிந்த மனிதன், இரண்டு கூட்டத்துக்கும் போய்வந்த மனிதன், என் அறிவுக்கு எட்டியவரை நான் ஒருவன்தான்.

மாலை போட்ட படங்கள்

நினைவு நாள் கூட்டங்களுக்கு மைக் வைப்பது எங்கள் தொழிலில் தனி ரகம். கல்யாணத்தில் சத்தம் போதவில்லை என்பார்கள். இங்கே அதிகம் என்பார்கள்.

மயிலாப்பூர், தி.நகர், ஆழ்வார்பேட்டை, அடையாறு. இந்தச் சுற்று வட்டாரத்தில் இறந்துபோன பெரியவர்களுக்குக் குறைவே இல்லை. தியாகிகள், டாக்டர்கள், நீதிபதிகள், வித்வான்கள், பள்ளிக்கூடம் கட்டியவர்கள். வருஷத்துக்கு ஒரு நாள் அவர்கள் படத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். படம் சரியாமல் இருக்கப் பின்னால் ஒரு செங்கல் கொடுக்க வேண்டும். அந்தச் செங்கல்லை நான் வண்டியிலேயே வைத்திருப்பேன். யாருக்கும் ஞாபகம் வராது.

கூட்டத்தில் முன்வரிசையில் குடும்பம். இரண்டாம் வரிசையில் அவர் நடத்திய ஏதோ ஒன்றில் படித்தவர்கள். மூன்றாம் வரிசையிலிருந்து மின்விசிறிக்காக வந்தவர்கள். எல்லாக் கூட்டத்துக்கும் வருகிற ஒரு பெரியவர் உண்டு. பாண்டி பஜார் பக்கம் வீடு. சுண்டல் எந்தக் கூட்டத்தில் நன்றாக இருக்கும் என்று என்னிடம் பட்டியலே சொல்வார்.

ஒருமுறை தி.நகரில் ஒரு நீதிபதியின் நினைவு நாள். சிறப்பு விருந்தினர் அவசரத்தில் வேறு கூட்டத்துக்கான காகிதத்தை எடுத்துவந்துவிட்டார். இருபது நிமிடம் வேறு யாரோ ஒருவரின் எளிமை, நேர்மை, தியாகம் பற்றி உருக்கமாகப் பேசினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீதிபதியின் மகனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் தெரிந்தது. அந்தக் காகிதத்தை முந்தின வாரம்தான் அடையாறில் கேட்டிருந்தேன்.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மாலை போட்ட பிறகு எல்லோரும் ஒரே முகமாகிவிடுகிறார்கள். அதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஆகாத ஒரு ஆள் பத்மா அம்மாவின் அத்தை சௌந்தரவல்லி அம்மையார். அவருக்கு ஒரு முகம் இல்லை, இரண்டு முகம்.

மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர்

அபிராமபுரம் ஹாலில் அவர் தியாகி சௌந்தரவல்லி அம்மையார். சின்ன வயதிலேயே கல்யாணமாகி, விவரம் தெரிவதற்குள் விதவையாகி, பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். தம்பியின் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானே படித்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அந்நியத் துணிக்கடை வாசலில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனார். ஜெயிலில் மற்றப் பெண்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். நன்றாகப் பாடுவார். இதையெல்லாம் நான் அந்த ஹாலில் பதினைந்து வருஷம் கேட்டிருக்கிறேன். அத்தையின் திதியன்று கூட்டம். நடத்துபவர் பத்மா அம்மா, கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காரியதரிசி அவருடைய பெரியம்மா பிள்ளை ராமதுரை சார், ஆடிட்டர். ஹாலில் அறுபது நாற்காலி போடுவோம். பதினெட்டு நிரம்பும்.

அடையாற்றங்கரையில் அவர் பாலம்மா. சுதந்திரம் வந்த பிறகு ஆற்றோரக் குடிசைகளுக்கு நடுவே கீற்றுக் கொட்டகை போட்டுக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தவர். காலையில் பால், சாயங்காலம் பாடம். ஜெயிலுக்குப் போன கதை அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பால் கொட்டகை இருந்த இடத்தில் மார்பளவு சிமெண்ட் சிலை ஒன்று வைத்து, வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து, தேதி தவறாமல் நினைவு நாள் நடத்தினார்கள். மாலை, கானா, இரண்டு பேர் பேச்சு, வந்த குழந்தைகளுக்கெல்லாம் ஒரு டம்ளர் சூடான பால். முன்னின்று நடத்துபவர் கஸ்தூரி. ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவு வேலைக்கு மேற்பார்வை. நான் சொல்கிற இந்த வருஷம் பெரிய வெள்ளத்துக்கு அப்புறம், கொரோனாவுக்கு முன்னால். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அப்படியும் அந்த ஒரு நாள் பஸ் பிடித்து ஆற்றோரத்துக்கு வந்துவிடுவார்கள்.

திதி ஒரு நாள், தேதி ஒரு நாள். அதனால் எனக்குச் சிக்கலே வந்ததில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டும் சேர்ந்து வரும் என்று பத்மா அம்மா பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார். போன தடவை சேர்ந்தபோது நான் ஆற்றோரத்துக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தேன்.

சரி, நீ ஏன் ஒருவரிடம் இன்னொருவரைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காரணம் உண்டு.

ஹாலில் ராமதுரை சார் ஒவ்வொரு வருஷமும் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பார். அதன் கடைசி வரி: 'அம்மையார் தமது இல்லத்தில், உற்றார் சூழ, இறைவன் நாமத்தை உச்சரித்தபடி அமைதி அடைந்தார்.'

ஆற்றோரத்தில் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் சிலைக்குப் பின்னால் கை காட்டுவார்: "தோ, இங்க போட்டிருந்த பெஞ்சு மேலதான் பாலம்மா உசுரு போச்சு."

இரண்டையும் என் மைக்கில்தான் சொன்னார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஒயரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒருவர் சொல்வது உண்மை என்றால் இன்னொருவர் சொல்வது பொய். அதைக் கிளறுவது மைக் செட்காரன் வேலையா?

ஒரே செட்

அந்தப் புதன்கிழமை என்னுடைய பெரிய செட் கொட்டிவாக்கத்தில் ஒரு வரவேற்புக்குப் போகிறது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று. கஸ்தூரிக்குப் போன் போட்டேன்.

"கஸ்தூரி, இந்த வருஷம் ஒரு நாள் தள்ளி வெச்சுக்க முடியுமா?"

"அய்ய, சாவு நாள எப்டிண்ணா தள்றது? அது இல்லாம இன்னொரு பேஜாரு கீது. ஆத்தோரமா இன்னாவோ வேல நடக்குதாம். வேலி போட்டு கேட்ட பூட்டிட்டாங்க. உள்ள வுட மாட்டேன்றாங்க. ரோட்டாண்டயே நின்னு பண்ணிக்கலாம்னு கீறோம்."

"ரோட்லயா? அஞ்சு மணிக்கா? எத்தினி பேரு?"

"அம்பது பேரு வருவாங்க. கொயந்திங்க தனி."

சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த ரோடு எப்படி இருக்கும் என்று தெரியும். பஸ் ஹாரனுக்கு நடுவே குழந்தைகளை வரிசையில் நிறுத்திச் சூடான பால் கொடுக்க முடியாது. போலீஸும் விடாது.

அறுபது நாற்காலி, பதினெட்டுப் பேர். ஐம்பது பேர், நாற்காலி இல்லை. இந்தக் கணக்குக்குப் பேராசிரியர் தேவையில்லை. ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு ஒரு பகல் முழுக்கத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு பத்மா அம்மா வீட்டுக்குப் போனேன்.

அவர் மேஜையில் அழைப்பிதழ்களுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். ராமதுரை சார் சோபாவில். நான் நின்றபடியே சொன்னேன். ஆற்றோரத்தில் வருஷா வருஷம் ஒரு கூட்டம் நடக்கிறது, அம்மையாருக்குத்தான், இருபது வருஷத்துக்கு மேலாக நான்தான் மைக் வைக்கிறேன், இந்த வருஷம் அவர்களுக்கு இடம் இல்லை.

பத்மா அம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"அவா இன்னும் பண்ணிண்டிருக்காளா?"

அந்த 'இன்னும்' என்ற சொல்தான் எனக்குப் புதிது. அவர்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

ராமதுரை சார் கண்ணாடியைக் கழற்றினார். "ப்ரோக்ராம் ப்ரிண்ட் ஆயாச்சு, பத்மா. ஹால்காரா வெளிச் சாப்பாடு கூடாதும்பா. அம்பது பேரை எங்க உக்கார வெக்கறது?"

"வருஷா வருஷம் நாப்பது நாற்காலி காலியாத்தானே இருக்கு, துரை."

"அதுக்குச் சொல்லலை."

"நீ எதுக்குச் சொல்றேன்னு எனக்குத் தெரியும்."

பத்மா அம்மா ஒரு அழைப்பிதழை எடுத்தார். "அவா பேர் என்ன?" என்று கேட்டு, 'திருமதி கஸ்தூரி மற்றும் குடும்பத்தார்' என்று எழுதி என் கையில் கொடுத்தார். ராமதுரை சார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வாசலில் நின்ற ஒருத்தி

மறுநாள் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். மஞ்சள் அடித்த அடுக்கு வீடுகள். ஆறாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. ஏறி முடித்தபோது மூச்சு வாங்கியது. கஸ்தூரி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அழைப்பிதழை இரண்டு முறை படித்தார். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

"அந்த வூட்டு ஆளுங்களா கூப்டறாங்க?"

"ஆமா."

"எங்கம்மா ஒரு தபா அந்த வூட்டாண்ட போச்சுண்ணா. செல வெக்கிறதுக்கு பாலம்மா போட்டோ ஒண்ணு வோணும்னு. வாசல்லயே நிக்க வெச்சி, அப்டி யாரும் இங்க இல்லன்னு சொல்லி அனுப்சிட்டாங்க. அதான் அந்த செலைக்கு மொகம் சரியா வர்ல. எங்கம்மா சொல்லச் சொல்ல பண்ணது."

அந்தச் சிலையின் முகம் யார் மாதிரியும் இருக்காது, உண்மைதான். கொத்தனார் கைவண்ணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"வர்றதும் வராததும் உன் இஷ்டம் கஸ்தூரி. ஆனா அந்த ஹால்ல ஒரு படம் இருக்குது. நல்ல படம். அதுக்காவது வந்து பாரு."

அவர் பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கொடியில் நீல நிறச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

"பால் குடுப்போம். அதுக்கு ஒத்துக்குனா வர்றோம்."

"அது நான் பாத்துக்கறேன்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமலே.

நான் மைக்கை நகர்த்தினேன்

புதன்கிழமை நாலரை மணி. செட் வைத்து, படத்துக்குப் பின்னால் செங்கல் கொடுத்து, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசலில் நின்றேன். ஐந்து மணிக்குப் பதினேழு பேர். ஐந்தேகாலுக்கும் பதினேழு பேர். ராமதுரை சார் ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார். விளக்கு ஏற்றினார்கள். பத்மா அம்மாவிடம் பாட்டுக் கற்கும் இரண்டு பெண்கள் கடவுள் வாழ்த்து பாடினார்கள்.

பாட்டு முடியும்போது படிக்கட்டில் செருப்புகளைக் கழற்றிப் போடுகிற சத்தம். ஒன்று இரண்டு இல்லை, வந்துகொண்டே இருந்தது. கஸ்தூரி முதலில். கையில் பெரிய ரோஜா மாலை. பின்னால் புடவை மடிப்புக் கலையாமல் பெண்கள், வெள்ளைச் சட்டையில் ஆண்கள், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிய குழந்தைகள். இரண்டு பேர் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹால் மேனேஜர் வாயைத் திறந்தார். நான் அவர் தோளில் கை போட்டு டீ சாப்பிட அழைத்துக்கொண்டு போனேன். அவ்வளவுதான் நான் பார்த்துக்கொண்டது.

திரும்பி வந்தபோது யாரும் உட்காரவில்லை. எல்லோரும் படத்துக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஒல்லியான முகம், கதர்ப் புடவை, காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கோபமாகப் பார்க்கிற கண்கள். அந்த மனிதர்களில் பெரும்பாலோர் பாலம்மாவின் முகத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தார்கள். கஸ்தூரி மாலையைப் போட்டார். மாலை ஒரு பக்கமாகச் சரிந்தது. பத்மா அம்மா எழுந்து வந்து சரி செய்தார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் குழந்தைகள் தரையில். ராமதுரை சார் வாழ்க்கைக் குறிப்பை எடுத்தார். மறியல், ஜெயில் எல்லாம் வாசித்தார். ஜெயில் என்றதும் பின்வரிசையில் ஒரு பெண், "அய்யோ, பாலம்மாவயா ஜெயில்ல போட்டாங்க?" என்று வாய்விட்டே கேட்டார். அதுவரை எல்லாம் நன்றாகவே போனது.

எனக்கு அந்தக் கடைசி வரி தெரியும்.

"...தமது இல்லத்தில், உற்றார் சூழ..."

"சார், அது அப்டி இல்ல."

கஸ்தூரி எழுந்து நின்றிருந்தார். குரல் பெரிதாக இல்லை. ஹாலில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

"கருத்து சொல்றவா கடைசியில சொல்லலாம்" என்றார் ராமதுரை சார். காகிதத்தைப் பார்த்தபடியே.

கஸ்தூரி உட்காரப் போனார். அந்த உட்காரப் போன விதம்தான் என்னைப் பிடித்துத் தள்ளியது. சொன்னால் எடுபடாது என்று முன்பே தெரிந்தவர் உட்காருகிற மாதிரி இருந்தது. என் பக்கத்தில் ஒயர் இல்லாத மைக் ஒன்று சும்மா இருந்தது. எடுத்தேன். ஸ்விட்சைப் போட்டேன். நடந்துபோய் அவர் கையில் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாமல் நான் மைக்கை நகர்த்தியது அன்றைக்குத்தான். ராமதுரை சார் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த வருஷம் எனக்கு இங்கே வேலை இல்லை என்று புரிந்துகொண்டேன்.

"பாலம்மா வூட்ல சாவல, சார்" என்றார் கஸ்தூரி. இப்போது எல்லோருக்கும் கேட்டது. "எங்க பால் கொட்டாயில பெஞ்சு மேல செத்தாங்க. கடைசி மூணு நாலு வருசம் அங்கதான் இருந்தாங்க. எங்கம்மாதான் கூட இருந்துச்சு. இத நான் சண்டைக்குச் சொல்லல. எங்கம்மா பொய் சொல்லாது. அதுக்காகச் சொல்றேன்."

ராமதுரை சார், "அதெல்லாம் ஆதாரம் இல்லாம..." என்று தொடங்கினார்.

"துரை, உக்காரு" என்றார் பத்மா அம்மா.

மேடைக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். நான் இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கல்லூரியில் பாடம் எடுத்த குரல். கேட்டது.

"அவங்க சொல்றது நிஜம். அத்தை வீட்டுல சாகலை. சேரிக்குப் போய்ட்டு அப்படியே உள்ள வரக் கூடாதுன்னு வீட்டுல தினம் சண்டை. ஒருநாள் அத்தை டிரங்குப் பெட்டியைத் தூக்கிண்டு போயிட்டா. மூணு நாலு வருஷம் கழிச்சு, அங்க உசிர் போன விஷயம் தெரிஞ்சதும் எங்கப்பா டாக்ஸி எடுத்துண்டு போய்த் தூக்கிண்டு வந்தார். வீட்டுல கிடத்திட்டு, இங்கதான் போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவை வெளியில அனுப்பிட்டோம்னு ஊர் பேசும்னு பயம். அந்தப் பயத்துல எழுதின வரிதான் இது. இத்தனை வருஷமா நாங்க வாசிச்சிண்டிருக்கோம்."

நிறுத்தினார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஆத்தங்கரையிலேர்ந்து எல்லாரும் வந்தா. உள்ள விடலை. நான் மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தேன். பன்னண்டு வயசு எனக்கு. தெரு முழுக்க நின்னா. யாரும் சத்தம் போட்டு அழலை. எடுத்துண்டு போற வரைக்கும் நின்னா. கீழ போய் ஒரு வார்த்தை பேசணும்னு தோணித்து. போகலை."

"எங்கம்மா அந்தத் தெருவுலதான் நின்னுச்சு" என்றார் கஸ்தூரி. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "நான் வயித்துல இருந்தேன்."

பத்மா அம்மா நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு போய் கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு

ராமதுரை சார் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். அவர் போகவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பால் ஊற்றும்போது ஒரு சின்னப் பெண் அவரிடம் டம்ளரை நீட்டினாள். "சக்கரை போட்டிருக்கா?" என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றாள். ஒரு விநாடி யோசித்துவிட்டு வாங்கிக் குடித்தார். ஹால் மேனேஜரும் குடித்தார். சுண்டல் பதினெட்டுப் பேருக்குத்தான் செய்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிடி என்று கிண்ணத்தில் வைக்காமல் கையிலேயே கொடுத்தார்கள்.

எனக்கு வேலையும் போகவில்லை. அடுத்த வருஷ அழைப்பிதழை ராமதுரை சாரே கொண்டுவந்து கொடுத்தார். கூடவே வாழ்க்கைக் குறிப்பையும் காட்டினார், அதன் கடைசி வரி மாறியிருந்தது. 'அடையாற்றங்கரைப் பால் நிலையத்தில், தாம் நேசித்த மக்களிடையே' என்று இருந்தது. "பாஷை சரியா இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம்!

இப்போது இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டதா என்றால், இல்லை. திதியா தேதியா என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹாலுக்கு அவர்கள் வருகிறார்கள். பெரும்பாக்கத்துக்கு இவர்கள் போகிறார்கள். ஆற்றோரச் சிலை வேலிக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே எடுத்துத் தரச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவை எழுதியது ராமதுரை சார். பதில் இன்னும் வரவில்லை. படத்தின் பிரதி ஒன்று கஸ்தூரி வீட்டுச் சுவரில் இருக்கிறது.

அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. பால் குடித்து முடித்து, குழந்தைகள் படிக்கட்டில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்த நேரம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பத்மா அம்மாவும் கஸ்தூரியும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

பத்மா அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்கம்மா பக்கத்துல இருந்தாளே. அத்தை கடைசியா ஏதாவது சொன்னாளா?"

"சொன்னாங்க."

"பகவான் பேரைச் சொன்னாளா?"

கஸ்தூரி சங்கடமாக என்னைப் பார்த்தார். நான் ஒயரைப் பார்த்தேன்.

"சாமி பேருலாம் சொல்லலம்மா. மாரு வலிக்குதுன்னு பெஞ்சு மேல படுத்துக்கினாங்களாம். எங்கம்மா பால் அண்டாவ கழுவிட்டு மூடி வெக்கப் போச்சாம். அதப் பாத்துட்டு, 'ஈரத்தோட மூடாதேடி மண்டு, வெயில்ல கவுத்துப் போடு'ன்னு கத்துனாங்களாம். எங்கம்மா கவுத்துட்டு வந்து பாக்கறதுக்குள்ள உசுரு போய்டுச்சாம். அவ்ளோதான்."

பத்மா அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, சிரிக்கிறார்.

"மண்டுன்னாளா?"

"மண்டுன்னுதான் சொன்னாங்களாம்."

"அய்யோ, அவளேதான்! எங்காத்துலயும் இதே ரகளை. எங்கம்மா எந்தப் பாத்திரத்தைக் கழுவி வெச்சாலும் போய்த் தொட்டுப் பார்ப்பா. ஈரம் இருந்தா போச்சு. மண்டு, அசடு, எல்லாம் வரும். என்னையும் விட்டதில்லை. காலேஜ்ல கோல்ட் மெடல் வாங்கினவ நான், இன்னிக்கும் ஈரப் பாத்திரத்தைப் பாத்தா எனக்குக் கை நடுங்கும்."

"எனக்கும்தாம்மா! எங்கம்மா அதையே எங்க தலையில கட்டிடுச்சு. ஆபீஸ்ல பசங்க பக்கெட்ட ஈரத்தோட அடுக்குனா வாயில இன்னா வருதுன்ற? மண்டுன்னுதான் வருது. அதுங்களுக்கு அர்த்தமே தெரியாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் பாலம்மா தன்னை எதற்காகத் திட்டினார் என்று சொல்ல எழுந்து வந்தார். நகம் வெட்டாததற்கு. ராமதுரை சார் ஓரத்திலிருந்து, "எனக்கு ஒரு அறை விட்டிருக்கா" என்றார். எதற்கு என்று நாலு பேர் ஒன்றாகக் கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றார். பிறகு சொன்னார்.

நான் ஒயர் சுற்றுவதை விட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். செத்துப்போன ஒருவரைப் பற்றி அத்தனை பேர் பேசுகிற மாதிரியே இல்லை. பக்கத்து அறையில் இருக்கிற ஒருவரைப் பற்றி, அவர் காதில் விழுந்துவிடுமோ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, புகார் சொல்லிச் சிரிக்கிற மாதிரி இருந்தது.